தெருமுனைக்கு வந்த தொலைநோக்கி



நம் ஊர் வானியல் கழகத்தின் ஆண்டு விழாவில் பேச அழைத்தவர்கள், கருந்துளை, பெருவெடிப்பு என்று பெரிய தலைப்பாகப் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. கருந்துளையைப் பற்றிப் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள். தெருமுனையைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை. ஆகவே இன்று என் தலைப்பு, தெருமுனைக்கு வந்த தொலைநோக்கி.

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஒரு வானியல் கழகம் நல்ல கழகமா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? அதன் தொலைநோக்கி எத்தனை அங்குலம் என்பதை வைத்தா? உறுப்பினர்கள் வாங்கிய பட்டங்களை வைத்தா? அவர்கள் எடுத்த வண்ணப் படங்களை வைத்தா? இவற்றில் எதையும் நான் கேட்க மாட்டேன். கழகத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள், பூக்காரம்மா, ஆட்டோ ஓட்டுநர், டியூஷன் விட்டு வீட்டுக்குப் போகிற பிள்ளை, இவர்களில் எத்தனை பேர் உங்கள் தொலைநோக்கியில் கண் வைத்தார்கள்? இதைத்தான் கேட்பேன். இந்த அளவுகோல் என் சொந்தச் சரக்கு அல்ல. ஒரு துறவியிடம் கடன் வாங்கியது.

துறவி என்றதும் நம் பக்கத்து ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். பெயர் ஜான் டாப்சன். 1915இல் சீனாவின் பெய்ஜிங்கில் பிறந்தவர். 1927இல் குடும்பம் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து 1943இல் பட்டம் வாங்கினார். அடுத்த ஆண்டே துறவு! எங்கே போய்ச் சேர்ந்தார் தெரியுமா? சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்து மடத்தில். 1900இல் சுவாமி விவேகானந்தர் தொடங்கிவைத்த சங்கம் அது. சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த உறவு சட்டென்று விளங்கும்.

மடத்தில் அவருக்கு இட்ட பணி, வேதாந்தத்தையும் அறிவியலையும் இணைத்துப் பார்ப்பது. வேறொருவராக இருந்தால் நூலகத்தில் போய் உட்கார்ந்திருப்பார். டாப்சன், உலகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் உலகத்தைப் பார்க்க வேண்டாமா என்று கேட்கிற ஆள். 1956இல் பழைய சாமான் கடை லென்ஸையும் பழைய பைனாகுலரில் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸையும் சேர்த்து ஒரு சின்னத் தொலைநோக்கி செய்தார். சனியின் வளையம் தெரிந்தது. ஆசை பெரிதாயிற்று. பெரிய தொலைநோக்கிக்கு ஒளியைக் குவிக்கும் பெரிய ஆடி வேண்டும், அதற்குக் காசு வேண்டும். துறவியிடம் ஏது காசு? கப்பலின் வட்டச் சன்னலுக்குப் போடும் தடித்த கண்ணாடி ஒன்று கிடைத்தது. 12 அங்குலம். அதைத் தேய்த்தே ஆடி செய்துவிட்டார்.

கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்வது எப்படி? இங்கே இருக்கும் மாணவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இரண்டு வட்டக் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்று வைக்க வேண்டும். நடுவில் கரகரப்பான பொடியும் தண்ணீரும் விட்டு, சந்தனம் அரைப்பதைப் போலப் பொறுமையாக முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். அவ்வப்போது கண்ணாடியைத் திருப்பிக்கொள்ள வேண்டும். தேய்க்கத் தேய்க்க மேலே இருப்பது நடுவில் குழியும், கீழே இருப்பது குவியும். எல்லாத் திசையிலும் உரசிக்கொள்ளும் இரண்டு பரப்புகள் கோளத்தின் துண்டாகத்தான் முடிய முடியும். அது வடிவியலின் கட்டாயம். நம் கையின் திறமை அதில் பாதிதான். பிறகு பொடியை நயமாக்கிக்கொண்டே போய், மெருகேற்றி, குழிவைக் கொஞ்சம் ஆழமாக்கிப் பரவளையமாகத் திருத்தி, மேலே அலுமினியப் பூச்சு ஏற்றினால் ஆடி தயார். தேய்ப்பதற்கு வேண்டியது பொறுமையும் இரண்டு கையும். தொழிற்சாலை வேண்டியதில்லை.

அந்த 12 அங்குல ஆடியில் டாப்சன் பார்த்தது தேய்பிறை அரைநிலா. பள்ளங்களும் மலைகளும் அவற்றின் நிழலும், ஏதோ நாமே போய் அங்கே தரையிறங்கப் போகிறோம் என்பது போல அவ்வளவு பக்கத்தில்! அந்த இடத்திலேயே அவருக்குத் தோன்றிய எண்ணம் ஒன்றுதான்: எல்லோரும் இதைப் பார்த்தாக வேண்டும்.

கவனியுங்கள். நான் ஆராய வேண்டும், நான் பெயர் வாங்க வேண்டும் என்ற எண்ணம் வரவில்லை. எல்லோரும் பார்க்க வேண்டும். இந்த ஒரு வரிதான் மீதி வாழ்க்கை முழுக்க அவரை ஓட்டியது.

1958இல் சாக்ரமென்டோ நகரத்து மடத்துக்கு மாற்றினார்கள். அங்கே தொலைநோக்கிக்குச் சக்கரம் கட்டி, மடத்துக்கு வெளியே தெருவில் உருட்டிக்கொண்டு போய் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆரம்பித்தார். மடத்தில் இதற்கு அவ்வளவாக வரவேற்பு இல்லை. ஆகவே ஆடி தேய்ப்பது ரகசிய வேலை ஆயிற்று. நண்பர்களோடு கடிதம் எழுதும்போது சங்கேத மொழி. தொலைநோக்கிக்குப் பெயர் ஜெரேனியம், அதாவது ஒரு பூச்செடி. தொட்டியில் வைத்த ஜெரேனியம் என்றால் குழாயும் தாங்கியும் பொருத்தியாயிற்று என்று பொருள். ஜெரேனியம் பூத்துவிட்டது என்றால் ஆடிக்கு அலுமினியப் பூச்சும் ஏறிவிட்டது! கடத்தல்காரர்கள் கூட இவ்வளவு அழகாகச் சங்கேதம் வைத்திருக்க மாட்டார்கள்.

1967இல் மடத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். 23 ஆண்டுத் துறவு முடிந்தது. மடத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. மடத்துக்கென்று ஒழுங்கு உண்டு. வெளியே தெருவில் நிற்கிற துறவியை வைத்துக்கொண்டு அவர்களும்தான் என்ன செய்வார்கள்? ஆனால் கையில் காசில்லாமல், ஐம்பது வயது தாண்டி, தெருவுக்கு வந்த அந்த மனிதர் என்ன செய்தார்? தெருவிலேயே நின்றார். சான் பிரான்சிஸ்கோவில் ஜாக்சன் தெருவும் பிராடெரிக் தெருவும் சந்திக்கும் முனையில் தொலைநோக்கியை நிறுத்தி, போகிறவர் வருகிறவரையெல்லாம் நிலாவைப் பார்க்கக் கூப்பிட்டார்.

1968இல் அங்கே ஒரு கழகம் பிறந்தது. அது பிறந்த காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சிறுவன் தன் கையாலேயே 12 அங்குலத் தொலைநோக்கி செய்திருந்தான். வயது போதாது என்பதால் ஊரில் ஏற்கெனவே இருந்த கழகத்தில் அவனைச் சேர்க்க முடியவில்லை. சரி, நாமே ஒன்று தொடங்குவோம் என்று டாப்சனும் இளைஞர்களும் சேர்ந்து தொடங்கியதுதான் சான் பிரான்சிஸ்கோ நடைபாதை வானியலாளர்கள் கழகம். இன்றைக்கு உலகில் பல நாடுகளில் தெருவோர வானியல் நடக்கிறது என்றால் அதன் வேர் அந்த நடைபாதையில் இருக்கிறது.

அடுத்து, டாப்சனின் தாங்கி. அதுவரை பொழுதுபோக்கு வானியலாளர் வைத்திருந்த தொலைநோக்கியின் தாங்கி கனமான இரும்பு, பல்சக்கரம், விலையோ கேட்கவே வேண்டாம். டாப்சன் என்ன செய்தார்? கான்கிரீட் தூண் வார்க்கப் பயன்படும் அட்டைக் குழாயை எடுத்தார். பிளைவுட்டில் பெட்டி அடித்தார். பழைய பீரங்கி எப்படி மேலும் கீழும் சாய்ந்து, பக்கவாட்டில் திரும்புமோ அப்படி வைத்தார். உரசும் இடத்தில் டெஃப்ளான் துண்டுகள். விரலால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். அவ்வளவுதான் இயந்திரம்! இன்று டாப்சோனியன் என்று உலகம் முழுக்கச் சொல்வது இதைத்தான். இதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. கம்பெனிகள் செய்து விற்றன, அவருக்குக் காசு வரவில்லை, அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதும் இல்லை.

பிறகு டாப்சனும் கழகத்தாரும் 24 அங்குலத் தொலைநோக்கியை வண்டியில் ஏற்றிக்கொண்டு தேசியப் பூங்காக்களுக்குப் போனார்கள். ஒரு பூங்காவில் காவலர் தடுத்து, வானம் பூங்காவைச் சேர்ந்தது அல்லவே என்றாராம். ஆமாம், பூங்காதான் வானத்தைச் சேர்ந்தது என்றாராம் டாப்சன். இப்படி ஒரு கதை சொல்வார்கள். 2014 ஜனவரியில் தமது 98ஆம் வயதில் அவர் மறைந்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டாப்சன் பெருவெடிப்பை ஏற்காதவர். பிரபஞ்சம் பற்றி அவர் சொன்ன கொள்கைகளை அறிவியலாளர்கள் ஒப்பவில்லை, நானும் ஒப்பவில்லை. ஆனால் அவருடைய கொள்கைக்காக யாரும் வரிசையில் நிற்கவில்லையே. நிலாவுக்காக நின்றார்கள்.

அமெரிக்காவில் நடக்கும், இங்கே நடக்குமா என்று கேட்பீர்கள். இங்கே நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அன்றைய வங்காளத்தில் ஜெசூர் என்ற ஊர். இன்று அது வங்கதேசத்தில் இருக்கிறது. அங்கே அரசுக் கருவூலத்தில் காசு எண்ணும் வேலையில் இருந்தவர் ராதாகோவிந்த சந்திரர். பள்ளி இறுதித் தேர்வில் தேறாதவர். அவருக்குப் பைத்தியம் நட்சத்திரத்தின் மேல். 1918 ஜூனில் கருடன் மண்டலத்தில் புதிதாக ஒளிர்ந்த நட்சத்திரத்தைத் தாமாகவே கண்டுகொண்டார். மாறொளி விண்மீன்கள் என்று ஒரு வகை உண்டு, ஒளி கூடும், குறையும். அவற்றை இரவிரவாகக் கவனித்து, அமெரிக்காவில் இருக்கும் மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். மொத்தம் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோக்கல்கள்! பகலில் கருவூலம், இரவில் வானம்.

இவருடைய உழைப்பைப் பார்த்து, 1926இல் அந்தச் சங்கம் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அனுப்பிவைத்தது. அது யாருக்கும் சொந்தமாகக் கொடுத்தது அல்ல. பயன்படுத்துகிறவரை வைத்துக்கொள், பிறகு பயன்படுத்துகிறவருக்குக் கொடு என்ற கணக்கு. பின்னாளில் அது வானியலாளர் வேணு பாப்புவின் கைக்கு வந்தது. அங்கிருந்து எங்கே போயிற்று தெரியுமா? நம் சவ்வாது மலைக்கு, காவலூர் வானாய்வு நிலையத்துக்கு. அமெரிக்காவில் புறப்பட்ட தொலைநோக்கி, ஜெசூரில் ஒரு கருவூல ஊழியரின் வீட்டு முற்றத்தைப் பார்த்துவிட்டு, தமிழ்நாட்டு மலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது! தொலைநோக்கிக்கு இதைவிட நல்ல வாழ்க்கை உண்டா? நம் வீட்டுப் பரணில் தூசியேறிக் கிடக்கும் தொலைநோக்கிகளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சென்னையிலேயே ஒருவர் இருந்தார். 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வு நிலையத்தின் கல்தூண் இன்றும் அங்கே நிற்கிறது. அந்த நிலையத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அவர் செய்தது. என்ன நடக்கப் போகிறது, ஏன் நடக்கிறது என்று பொதுமக்களுக்கு விளக்கிச் சிறுநூல் எழுதி, ஆங்கிலத்தோடு நிறுத்தாமல் இந்திய மொழிகளிலும் கொண்டுவந்தார். நாம் செய்வது புது வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். 150 ஆண்டுகள் ஆகின்றன.

சரி, நம் ஊருக்கு வருவோம். நட்சத்திரம் பார்க்க வாருங்கள் என்று நாம் கூப்பிட்டால் வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்கும் கேள்வி எது? கழகத்து நண்பர்களுக்குத் தெரியும், சிரிக்கிறார்கள். என் நட்சத்திரம் எது?

இந்தக் கேள்வியைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஜோதிடம் பேச வரவில்லை என்று வெடுக்கென்று சொல்லிவிடுகிறார்கள். நான் சொல்கிறேன், அதைவிட நல்ல கேள்வி நமக்குக் கிடைக்காது! கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் சொல்லத் தெரியும். கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கத் தெரியும். ஆனால் அந்த நட்சத்திரத்தைக் கண்ணால் பார்த்தது கிடையாது. எவ்வளவு பெரிய வாய்ப்பு! திருவாதிரையா? அதோ, வேட்டைக்காரன் மண்டலத்தின் தோளில் சிவந்து நிற்கிறதே, அதுதான். ரோகிணியா? கார்த்திகைக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் பாருங்கள், அதன் ஒளி இங்கே வர 65 ஆண்டு ஆகிறது. சித்திரையா? அது 250 ஒளியாண்டுத் தொலைவு. சுவாதி நட்சத்திரக்காரர் யாராவது 37 வயதில் இருந்தால் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நீங்கள் பிறந்த ஆண்டில் அங்கிருந்து புறப்பட்ட ஒளிதான் ஐயா இன்று உங்கள் கண்ணில் விழுகிறது என்று சொல்லுங்கள். பிறகு பாருங்கள், அவர் வாரம் தவறாமல் வருவார்.

ரேவதி நட்சத்திரக்காரர்கள்தான் பாவம். அது மிக மங்கல். ஊர் விளக்கு வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. அவர்களிடம் இப்படிச் சொல்லுங்கள்: உங்கள் நட்சத்திரத்தை நம் தெருவிளக்கு தின்றுவிட்டது. வெளிச்சத்தை மேலே வானத்துக்கு அனுப்பாமல் கீழே தரைக்கு மட்டும் விழும்படி மூடி போடச் சொல்லி நகராட்சிக்கு ஒரு மனு கொடுப்போம், கையெழுத்துப் போடுகிறீர்களா? ஒளி மாசு பற்றி ஒரு மணி நேரம் சொற்பொழிவு செய்தாலும் வராத கையெழுத்து, இப்படிக் கேட்டால் வரும்.

எந்த நாளில் கூட்டம் போடுவது? பௌர்ணமியன்று போடுகிறார்கள் சிலர். அது வீண். பௌர்ணமியில் சூரிய ஒளி நேராக விழுவதால் நிலாவில் நிழல் இல்லை, வெள்ளைத் தட்டுதான் தெரியும். நமக்கு வேண்டியது வளர்பிறை அஷ்டமி. அன்று மாலை அரைநிலா உச்சியில் நிற்கும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கறுப்பு நிழல் விழுந்திருக்கும். அஷ்டமி, நவமி என்று நாம் நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டோம். வானியல் கழகத்துக்கு அஷ்டமிதான் முகூர்த்தம்!

மாதம்? ஐப்பசி, கார்த்திகையை மழை கொண்டுபோய்விடும். தை முதல் சித்திரை வரை நம்முடையது. பங்குனி, சித்திரையில் தெற்கே பாருங்கள், தென்சிலுவை எழும். அதற்கும் மேலே, இலட்சக்கணக்கான நட்சத்திரம் ஒன்றாக உறைந்து கிடக்கும் ஓமேகா செண்டாரி. டாப்சன் ஊரில் தென்சிலுவை கிடையவே கிடையாது, நமக்குக் கிடைக்கிறது. துருவ நட்சத்திரமும் தெரிந்து தென்சிலுவையும் தெரிகிற பாக்கியம் எத்தனை ஊருக்கு உண்டு?

சனியைக் காட்டினால் ஒரு வேடிக்கை நடக்கும். பார்த்தவர் கண்ணை எடுத்துவிட்டுக் குழாயின் முன்பக்கம் போய் எட்டிப் பார்ப்பார். உள்ளே படம் ஒட்டியிருக்கிறீர்களா என்று கேட்பார். கோபப்படாதீர்கள். ஒரு நிமிடம் பொறுங்கள் என்று சொல்லுங்கள். பூமி சுழல்வதால் சனி மெல்ல நகர்ந்து ஓரத்துக்குப் போய் மறையும். ஒட்டிய படம் நகருமா? அவரே சிரித்துவிடுவார். ஆனால் ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 15 ஆண்டுக்கு ஒருமுறை வளையம் விளிம்பாகத் திரும்பி மெல்லிய கோடாகிவிடும். 2009இல் அப்படி ஆயிற்று, 2025 மார்ச்சில் மறுபடியும் ஆயிற்று. அது மெல்ல விரியும்வரை கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஆண்ட்ரோமீடா விண்மீன் திரளை முதலில் காட்டாதீர்கள். பத்திரிகைப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு மங்கலான புகைத்திட்டு தெரிந்தால், இவ்வளவுதானா என்று போய்விடுவார். 25 இலட்சம் ஆண்டுக்கு முன் கிளம்பிய ஒளி என்று சொல்லிவிட்டு, அதன்பின் காட்டுங்கள். அப்போது அந்தப் புகையே போதும்.

பகலிலும் வேலை உண்டு. தமிழ்நாடு முழுதும் கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஆண்டுக்கு இருமுறை உச்சிப் பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். சென்னையில் ஏப்ரல் கடைசியில் ஒருமுறை, ஆகஸ்ட் நடுவில் ஒருமுறை. நட்டுவைத்த குச்சிக்கு நிழல் இருக்காது. செலவு ஒரு குச்சி! பள்ளிக்கூடத்துக்கு ஒரு குச்சி போதும்.

2019 டிசம்பர் 26 உங்களுக்கு நினைவிருக்கும். கோவை, கரூர், திருச்சி, திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகக் கங்கண சூரிய கிரகணம் போயிற்று. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் ஊர் ஊராகக் கண்ணாடி கொடுத்துக் காட்டின. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்களும் இருந்தார்கள்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் மொட்டை மாடியில் நின்று நெருப்பு வளையத்தைப் பார்த்துவிட்டு, கையோடு இட்லியும் தின்றுவிட்டு, நலமாக இறங்கி வந்தால், அதற்கு மேல் எந்த வாதம் வேண்டும்? ஒன்றில் மட்டும் கண்டிப்பு. சூரியனைக் காட்டும்போது ஃபில்டர் தொலைநோக்கியின் முன்வாயில் இருக்க வேண்டும். ஐபீஸில் மாட்டும் ஃபில்டர் சூட்டில் வெடிக்கும், கண் போகும். இதில் தெரியாமல் செய்தேன் என்ற பேச்சுக்கு இடமில்லை.

நேரமாகிவிட்டது, விழாத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேட்டுக்கொள்வது ஒன்றே. இந்த மண்டபத்தில் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள். மகனுக்கு வாங்கியது, அவன் வெளியூர் போய்விட்டான், பரணில் இருக்கிறது என்பவர்களும் இருக்கிறீர்கள். பெட்டியைத் திறந்து, தூசியைத் தட்டி, வரும் வளர்பிறை அஷ்டமி மாலை ஆறரை மணிக்கு நம் பேருந்து நிலையத்துக்கு எதிரே கொண்டு வாருங்கள். மூன்று அங்குலமானாலும் சரி, பைனாகுலரானாலும் சரி. கொண்டுவர எதுவும் இல்லாதவர்கள் வீட்டிலிருந்து ஒரு ஸ்டூலாவது எடுத்து வாருங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு ஐபீஸ் எட்டாது.